எல்லை தாண்டி வரும் வெள்ளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி நெருங்க நெருங்க வெள்ளம் பற்றிய கடிதங்கள் கூடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பல, ஓர் ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்கு எதை, எப்போது, எந்த வழியில் அறிவிக்கிறார்கள் என்று கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, நீரியலிலும் வானிலையிலும் அனுபவம் உள்ளவர்களின் பதில்களைத் தருகிறோம்.

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. நாடு விட்டு நாடு பாயும் ஆறும் இலங்கையில் இல்லை. பிறகு எல்லை கடந்த வெள்ள முகாமைத்துவம் எங்களுக்கு எதற்கு?
– கோண்டாவில் வாசகர்

எங்களிடம் நாடு கடக்கும் ஆறு இல்லைத்தான். ஆனால் எங்கள் வெள்ளத்துக்கான மழை நாடு கடந்துதான் வருகிறது. குடாநாட்டில் ஆறென்று பெயர் பெற்ற வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் நீரேரியில் விழும். அதை நிரப்பிய 2008 நவம்பர் நிஷாப் புயலும் 2020 டிசெம்பர் புரெவிப் புயலும் 2024 நவம்பரில் பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கமும் வங்காள விரிகுடாவில் உருவானவை. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த டித்வாவுக்குப் பெயர் கொடுத்த நாடு யெமன். இந்தக் கடற்பரப்பின் புயல்களுக்கு 13 நாடுகள் சேர்ந்து பெயர்ப்பட்டியல் வைத்திருக்கின்றன. பாதைக் கணிப்பை எல்லோருக்கும் அனுப்பும் பிராந்திய மையம் புதுடில்லியில் இருக்கிறது. ஆக, எல்லை கடந்த ஒத்துழைப்பில் நாங்கள் ஏற்கெனவே பங்காளிகள்.

காரைக்காலில் உள்ள இந்திய டொப்ளர் ராடாரிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அதன் படங்களை யாரும் இணையத்தில் பார்க்கலாம், பலர் பார்க்கவும் செய்கிறார்கள். அதை வாசிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அரைப் பாகை உயர்த்தி வீசும் கதிர், பூமியின் வளைவையும் சேர்த்தால், எங்கள் தலைக்கு மேலே வரும்போது ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த முகிலில் இருந்து விழும் மழை அதில் குறைவாகவே தெரியும். படத்தில் நிறம் வெளிறியிருப்பதை வைத்து மழை விட்டுவிட்டது என்று முடிவெடுக்கக்கூடாது.

2020 ஒக்ரோபரில் தொடங்கிய தெற்காசியத் திடீர்வெள்ள வழிகாட்டி முறையில் இந்தியா, நேபாளம், பூட்டான், பங்களாதேஷோடு இலங்கையும் இருக்கிறது. நிலத்தை ஏறத்தாழ 4 கிலோமீற்றருக்கு 4 கிலோமீற்றர் அளவான சிறு நீரேந்து பகுதிகளாக, அதாவது மழைநீர் ஒரே சிற்றாற்றுக்கு வடியும் நிலங்களாகப் பிரித்து, 6 மணி நேரத்துக்குள் வரக்கூடிய அச்சுறுத்தலையும் 24 மணி நேர ஆபத்தையும் தனித்தனியாகச் சொல்லும். 'இத்தனை மில்லிமீற்றர் பெய்யும்' என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. 'இந்த மண் இன்றைக்கு இருக்கும் ஈரத்தில், இத்தனை மில்லிமீற்றர் பெய்தால் சிற்றாறு கரை தட்டும்' என்று கணக்கிடும். புரட்டாதியில் காய்ந்து கிடக்கும் நிலம் குடித்துவிடும் அதே மழை, கார்த்திகை நடுப்பகுதியில் வீட்டுக்குள் வரும் என்பது எங்கள் விவசாயிகளுக்குப் புதிதல்ல.

மாகாண எல்லையும் எல்லைதான். அதை அருவியாறு பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

சீனாவும் இந்தியாவும், இந்தியாவும் பங்களாதேஷும் 'தரவு பரிமாறுகின்றன' என்று செய்திகளில் வருகிறது. அந்தத் தரவு என்ன? மாணவர்களுக்குச் சொல்லவேண்டும்.
– பருத்தித்துறை ஆசிரியை

பிரம்மபுத்திராவை வைத்தே சொல்லிக்கொடுங்கள். திபெத்தில் அதன் பெயர் யார்லுங் சாங்போ. 2000 ஏப்ரலில் அங்கே யிகோங் என்ற கிளையாற்றில் மலை சரிந்து அணைபோல் அடைத்தது. ஜூன் 10 ஆம் திகதி அந்த அடைப்பு உடைந்து, கீழே இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில் ஊர்களும் பாலங்களும் அடிபட்டுப் போயின. அடைப்பு இரண்டு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. 2002 இல் வந்த புரிந்துணர்வு உடன்படிக்கையின் பின்னணி இது. அதன்படி நுகேஷா, யாங்சுன், நுஷியா என்ற மூன்று நிலையங்களின் நீர்மட்டம், நீரோட்ட அளவு, மழை ஆகியவற்றைச் சீனா வெள்ளக் காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பிவந்தது. நாளுக்கு இரண்டு தடவை, பெய்ஜிங் நேரம் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் எடுத்த அளவுகள்.

இந்த நேரத்தை மாணவர்களைக் கொண்டு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெய்ஜிங் 8 மணி என்பது இந்தியாவிலும் எங்களுக்கும் அதிகாலை 5.30, நேபாளத்தில் 5.45, பங்களாதேஷில் 6 மணி. அட்டவணையில் எந்த நாட்டு நேரம் என்று எழுதாமல் '8.00' என்று மட்டும் போட்டால், வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரி இரண்டரை மணி நேரம் பிந்திய வெள்ளத்தைக் காட்டும். தரவு வந்திருக்கும், கணிப்பும் ஓடியிருக்கும், எச்சரிக்கை மட்டும் பிழையாக இருக்கும்.

அடுத்த பொறி உயர அடிமட்டம். நீர்மட்டம் என்பது ஏதோ ஒரு பூச்சியத்திலிருந்து அளந்த உயரம். பங்களாதேஷில் வழங்கும் பொதுவேலைத் திணைக்கள அடிமட்டம் சராசரிக் கடல்மட்டத்துக்கு 0.46 மீற்றர் கீழே இருக்கிறது. கடல்மட்டக் கணக்கில் 10.00 மீற்றர் என்று வரும் நீர் அவர்களின் கணக்கில் 10.46 மீற்றர். அரை மீற்றர் வித்தியாசம் வங்காளச் சமவெளியில் சிறியதல்ல. அங்கே ஒரு பெருவெள்ளத்துக்கும் சாதாரண வெள்ளத்துக்கும் இடையில் அவ்வளவுதான் இருக்கும்.

மூன்றாவது, மட்டத்திலிருந்து ஓட்ட அளவைப் பெறும் வளைகோடு. ஆற்றில் பல மட்டங்களில் நீரின் வேகத்தையும் குறுக்குவெட்டையும் அளந்து, 'இந்த மட்டத்தில் செக்கனுக்கு இத்தனை கனமீற்றர்' என்று ஒரு கோடு வரைகிறார்கள். மணல் சுமக்கும் இமயமலை ஆறுகளில் ஒரு பெரிய வெள்ளம் போனாலே அடித்தளம் மாறிவிடும். பழைய கோட்டில் புதிய மட்டத்தை வைத்து வாசித்தால் ஓட்ட அளவு பிழையாக வரும். அதனால் மட்டத்தை மட்டும் அனுப்புவது போதாது. மாரி முடிந்ததும் புதிதாக அளந்த குறுக்குவெட்டையும் அனுப்பவேண்டும். இது நடப்பது அபூர்வம். அணைக்கதவு எத்தனை, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்குத் திறக்கப்போகிறார்கள் என்பது அதைவிட அபூர்வமாகக் கைமாறும் தகவல். கீழே இருப்பவருக்கு அதிகம் பயன்படுவதும் அதுதான்.

அரசியல் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டொக்லாமில் இந்திய-சீன எல்லைத் தகராறு நடந்த 2017 இல் பிரம்மபுத்திராத் தரவு இந்தியாவுக்கு வரவில்லை; 2018 இல் மீண்டும் வந்தது; உடன்படிக்கையின் காலம் 2023 இல் முடிந்தது. மேகொங் ஆற்றில் போக்கு வேறு. அங்கே 2002 முதல் வெள்ளக்காலத் தரவை மட்டும் கொடுத்த சீனா, 2020 இல் ஆண்டு முழுவதும் கொடுக்க உடன்பட்டது.

கியூசெக், கியூமெக், டி.எம்.சி., ஏக்கர் அடி: ஒன்றை மற்றதாக்க எளிய வழி உண்டா?
– கிளிநொச்சி மாணவர்

கியூசெக் என்பது செக்கனுக்கு ஒரு கன அடி, அதாவது 28.3 லீற்றர். கியூமெக் என்பது செக்கனுக்கு ஒரு கனமீற்றர், அது 35.3 கியூசெக். டி.எம்.சி. ஓட்டமல்ல, கொள்ளளவு: நூறு கோடி கன அடி, ஏறத்தாழ 2 கோடியே 83 இலட்சம் கனமீற்றர். குளத்துக்காரருக்கு மிகவும் உதவும் கணக்கு இது: ஒரு கியூசெக் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர் அடி. ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை முழுவதும் வழிந்து வந்தால் ஒரு இலட்சம் கனமீற்றர், ஏறத்தாழ 81 ஏக்கர் அடி. இந்தியச் செய்தி கியூசெக்கில் வரும், பங்களாதேஷ் அறிக்கை கியூமெக்கில் வரும். 35 மடங்கு வித்தியாசம் என்பதால் அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடாதீர்கள்.

2024 ஓகஸ்டில் திரிபுராவின் டும்பூர் அணையை இந்தியா சொல்லாமல் திறந்ததால்தான் பங்களாதேஷ் மூழ்கியது என்று சமூக வலைத்தளங்களில் பரவியது. உண்மை என்ன?
– கொக்குவில் வாசகர்

டும்பூர் அணை கும்தி ஆற்றில் இருக்கிறது. ஏறத்தாழ 30 மீற்றர் உயரமான சிறிய அணை. ஆற்று வழியே பங்களாதேஷுக்கு 120 கிலோமீற்றருக்கு மேல் மேலே இருக்கிறது. கும்தி போவது குமிலா மாவட்டத்துக்கு. அந்த வெள்ளத்தில் கடுமையாக அடிபட்டது ஃபெனி மாவட்டம். அங்கே வெள்ளம் வந்தது முஹுரி, ஃபெனி ஆறுகளால். அவை வேறு நீரேந்து பகுதிகள். டும்பூரில் எந்தக் கதவைத் திறந்தாலும் ஃபெனிக்குத் தண்ணீர் போகாது. எல்லையின் இரண்டு பக்கமும் கடும் மழை பெய்தது. 'அணையைத் திறந்ததால் எல்லாம் மூழ்கியது' என்பது நிலப்படத்தோடு பொருந்தவில்லை.

அதற்காக, குற்றச்சாட்டு பொய், பிரச்சினை எதுவுமில்லை என்று மூடிவிடவும் முடியாது. கும்தியில் அமர்பூர், சோனாமுரா, சோனாமுரா-2 என்ற மூன்று நிலையங்களின் நீர்மட்டம் பங்களாதேஷுக்குப் போகிறது. இந்திய வெளிவிவகார அமைச்சு 2024 ஓகஸ்ட் 22 இல் சொன்னபடி, 21 ஆம் திகதி பிற்பகல் 3 மணி வரை மட்டம் ஏறுகிறது என்ற தரவு போனது. மாலை 6 மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் நின்று தொடர்பு தடைப்பட்டது. நீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் எண் வருவது நின்றுவிட்டது.

எங்கள் கருத்தில் அந்த வெள்ளத்தின் பெரிய பாடம் இந்த மூன்று மணி நேரம். ஆற்றங்கரை நிலையம் மின்சார சபையின் கம்பியை நம்பி இருக்கக்கூடாது, ஏனெனில் அது தேவைப்படும் நாளில்தான் கம்பி அறும். பதிவுக்கருவியும் மோடமும் சராசரி 1.5 வாற் எடுத்தால் நாளுக்கு 36 வாற்-மணி. 12 வோல்ற், 42 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 504 வாற்-மணி இருக்கும். பற்றரி கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். அப்படியானால் வெயிலே இல்லாமல் 7 நாள் தாங்கும். தொடர் மழைக்கு அது ஓரளவு போதும். ஆனால் தரவை வாங்கி எல்லை கடத்தும் மாவட்ட அலுவலகத்துக்கும், கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் அதே தாங்குசக்தி வேண்டும். நிலையத்துக்கு மட்டும் பற்றரி வைத்துவிட்டுக் கோபுரத்தை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதனால் கைத்தொலைபேசி வழியோடு செய்மதி வழி ஒன்றும், இரண்டும் போனால் வானொலித் தொடர்பில் குரலால் வாசித்துச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

தரவை வாங்கும் பக்கத்துக்கும் ஒரு விதி வேண்டும்: தரவு நின்றால் அதையே எச்சரிக்கையாக எடுக்கவேண்டும். மட்டம் ஏறும்போது இரண்டு அளவீடுகள் தொடர்ந்து வராவிட்டால், 'புதிய தகவல் இல்லை' என்று காத்திருக்காமல், கடைசியாக ஏறிய வேகத்திலேயே ஏறுகிறது என்று எடுத்துக் கீழே அறிவிக்கவேண்டும். ஒருநாள் வீணாகச் சனத்தை எழுப்பியதாக முடியலாம். எழுப்பாமல் விடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.

பங்களாதேஷின் நிலையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா நீரேந்து பகுதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த நாட்டுக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவோடு மட்டும் 54 ஆறுகள் பொது; இரு நாட்டு ஆறுகள் ஆணைக்குழு 1972 முதல் இருக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய அவர்களின் வெள்ள எதிர்வுகூறல் மையம், மேலே இருந்து வரும் எண்களை மட்டும் நம்பாமல், ஆற்று மட்டத்தை வானிலிருந்து அளக்கும் செய்மதிகளையும் பயன்படுத்தக் கற்றிருக்கிறது.

எச்சரிக்கை சரியாக இருந்தால் வெள்ளச் சேதத்தைத் தவிர்க்கலாம் என்கிறீர்கள். 2008 இல் கோசி ஆறு உடைத்தபோது எச்சரிக்கை இல்லையா?
– வவுனியா வாசகர்

கோசியில் பிழை விட்டது எதிர்வுகூறல் அல்ல, அணைக்கரை. நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் 2008 ஓகஸ்ட் 18 இல் கிழக்குக் கரை உடைந்தது. அன்றைக்கு ஆற்றில் ஓடியது ஏறத்தாழ 1 இலட்சத்து 44 ஆயிரம் கியூசெக். கோசி அணைக்கட்டு தாங்கவென்று வடிவமைத்த அளவு 9 இலட்சத்து 50 ஆயிரம். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான நீர். எந்த எதிர்வுகூறல் மையமும் அந்த எண்ணைப் பார்த்து அபாயம் என்று சொல்லியிருக்காது.

கரை இருப்பது நேபாள மண்ணில். 1954 உடன்படிக்கையின்படி அணையையும் கரையையும் பராமரிக்கும் பொறுப்பு இந்தியாவினுடையது. கரையைத் தாக்கும் நீரோட்டத்தைத் திருப்ப ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கற்தடுப்புகள் முன்கூட்டியே அரிபட்டுக்கொண்டிருந்தன. அந்த இடத்துக்குக் கல்லும் ஆளும் கொண்டுபோக இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒத்துப்போகவேண்டும். இத்தகைய கரைகளில் வேலை தாமதிப்பதற்குப் பொறுப்பின் இந்தப் பிரிவே ஒரு பெரிய காரணம். மறுபுறம், கரைகளுக்கு நடுவே ஆண்டாண்டாக மண் படிந்து, ஆற்றின் அடித்தளம் வெளி நிலத்தைவிட உயர்ந்திருந்தது. உடைத்த நீர் மீண்டும் ஆற்றுக்குள் வடிய வழியில்லாமல் பழைய தடம் ஒன்றைப் பிடித்துப் பீகாருக்குள் போனது. பாதிக்கப்பட்டவர்கள் 30 இலட்சத்துக்கு மேல்.

2024 செப்டெம்பர் இறுதியில் அதே அணைக்கட்டில் 6 இலட்சத்து 61 ஆயிரம் கியூசெக் ஓடியது. 56 ஆண்டுகளில் அதுவே அதிகம். 2008 ஐப்போல் நாலரை மடங்கு நீர். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரையைப் பார்க்காமல் நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பது ஏன் ஆபத்து என்று புரியும்.

மேலே இருக்கும் நாடு கீழே அறிவித்தே ஆகவேண்டும் என்று சர்வதேசச் சட்டம் இல்லையா?
– சட்டம் படிக்கும் வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது; எங்கள் பிராந்தியத்தைக் கட்டுப்படுத்தாது. 1997 இல் ஐ.நா. ஏற்று 2014 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நீர்வழிகள் சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரை, அவசரநிலையைத் தாமதமின்றி, கைக்கெட்டிய மிக விரைவான வழியால் அறிவிக்கச் சொல்கிறது. தெற்காசிய நாடுகள் அதில் சேரவில்லை. சீனா எதிர்த்து வாக்களித்தது. ஆகவே இங்கே எல்லாம் இரண்டு நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளால் ஓடுகிறது. அந்த உறவு கெட்டால் வழியும் அடைபடும். 2025 ஏப்ரலில் சிந்து நதி உடன்படிக்கையை இந்தியா நிறுத்திவைத்தது. அதே ஓகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, வழக்கமான சிந்து ஆணையாளர் வழியாக அல்லாமல், தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்குச் சேதி போனது. சேதி போனதே நல்லது. ஆனால் பொறியியலாளரிடமிருந்து பொறியியலாளருக்குப் போகவேண்டிய எண் தூதரக மேசைகளைத் தாண்டிப் போனால் மணி நேரங்கள் கரையும்.

வானிலைத் தரவின் கதை வேறு. உலக வானிலை அமைப்பின் 1995 ஆம் ஆண்டுத் தீர்மானம் 40 இன்படியும், 2021 இல் அதன் இடத்தில் வந்த தரவுக் கொள்கையின்படியும் அடிப்படை வானிலைத் தரவை நாடுகள் இலவசமாகப் பகிர்கின்றன, போர்க்காலத்தில்கூடப் பெரும்பாலும் ஓடும் ஏற்பாடு அது. ஆற்றுத் தரவுக்கு 1999 இல் தீர்மானம் 25 வந்தும் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. காரணம் தெளிவு: மழையில் யாரும் பங்கு கேட்பதில்லை. ஆற்றின் ஓட்ட அளவு நீர்ப் பங்கீட்டு வழக்கில் சான்றாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. கோடைகால ஓட்டத் தரவையும் வெள்ளகால மட்டத் தரவையும் பிரித்து, பின்னதை மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுப்பதே நடைமுறையில் சாத்தியமான வழி என்று நாங்கள் நினைக்கிறோம்.

முல்லைப்பெரியாறு செய்திகளில் 'விதி வளைவு' என்று சொல்கிறார்களே, என்ன அது?
– சாவகச்சேரி வாசகர்

ஆண்டின் எந்தப் பத்து நாளில் அணை எந்த மட்டம் வரை நிரம்பலாம் என்று முன்கூட்டி வரையும் கோடு. முல்லைப்பெரியாற்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் அனுமதித்தது 142 அடி. ஆனால் மழைக்காலத் தொடக்கத்திலேயே அதுவரை நிரப்பிவிட்டால் அடுத்த பெருமழைக்கு இடமிருக்காது. மிஞ்சியதை இரவோடிரவாகத் திறந்தால் கீழே இடுக்கிப் பக்கம் போகும். தண்ணீர் தேவைப்படுவது தமிழ்நாட்டுக்கு, வெள்ளம் போவது கேரளத்துக்கு என்பதால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட கோடு இல்லாமல் அங்கே எந்த எச்சரிக்கையும் நம்பப்படாது.

கைத்தொலைபேசியில் இலவசமாகப் பார்க்கக்கூடிய வெள்ள எதிர்வுகூறல்கள் எங்களுக்குப் பொருந்துமா?
– மானிப்பாய் வாசகர்

ஐரோப்பிய நாடுகளின் குளோஃபாஸ் என்ற வெள்ள எதிர்வுகூறல் முறை உலகம் முழுவதையும் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து நாளாந்தம் கணிக்கிறது. ஒரே கணிப்பைச் சற்றே மாற்றிய 51 தொடக்க நிலைகளில் ஓட்டி, அவற்றில் எத்தனை வெள்ளம் காட்டுகின்றன என்று சொல்லும். கூகுளின் வெள்ளத் தளம் 7 நாள் வரை முன்சொல்கிறது. கங்கை போன்ற பெரிய ஆறுகளில் இரண்டும் பயனுள்ளவை. மகாவலி, அருவியாறு அளவில் 'அடுத்த வாரம் கவனமாக இருக்கவேண்டும்' என்ற அளவுக்கு எடுக்கலாம். குளத்துக் கதவு திறப்பதை இந்த மாதிரிகள் அறியாது. எங்கள் ஆறுகளில் பாதி வெள்ளத்தைத் தீர்மானிப்பது குளம். வழுக்கையாறு அந்தக் கட்டங்களுக்குள் தெரியவே தெரியாது. குடாநாட்டுக்கு மழை எதிர்வுகூறலும் நீரேரி மட்டமும்தான் பார்க்கவேண்டியவை.

அருவியாற்றில் மேலே வடமத்தியில் பெய்யும் மழை எங்கள் வயலுக்கு எத்தனை மணி நேரத்தில் வரும்? யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள், ஐயா.
– முருங்கன் விவசாயி

ஒவ்வொருவரும் சொல்வது அவரவர் பார்த்த வெள்ளத்துக்குச் சரியாக இருக்கலாம். ஏன் என்று சொல்கிறோம்.

மல்வத்து ஓயா என்று மேலே வழங்கும் இந்த ஆறு இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு, ஏறத்தாழ 164 கிலோமீற்றர். அநுராதபுரத்தைத் தாண்டி மன்னாருக்குள் வந்து அரிப்புப் பக்கம் கடலில் சேர்கிறது. வெள்ளத்தின் முகடு தண்ணீரைவிட வேகமாக நகரும்; அகன்ற ஆற்றில் நீரின் சராசரி வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூட. நீர் செக்கனுக்கு 0.9 மீற்றர் ஓடினால் முகடு 1.5 மீற்றர் நகரும், அதாவது மணிக்கு 5.4 கிலோமீற்றர். அந்தக் கணக்கில் 100 கிலோமீற்றருக்குப் பதினெட்டரை மணி நேரம். இது வழிகாட்டிக் கணக்கு மட்டும்.

அதைக் குழப்புவது குளங்கள். மேலே நாச்சதுவ, நுவரவாவி போன்ற பெரிய குளங்களும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியும் சிறுகுளத் தொடர்களும் இருக்கின்றன. ஐப்பசியில் அவை அரைகுறையாக இருக்கும்போது வரும் முதல் பெருமழையைப் பெருமளவு விழுங்கிவிடும். உங்களுக்கு வெள்ளம் பிந்தியும் தணிந்தும் வரும். கார்த்திகை, மார்கழியில் எல்லாம் நிரம்பி வழிந்து வான் பாயும் நிலையில் அதே மழை பெய்தால் குளங்கள் இல்லாததுபோல நேரே இறங்கும். சிறுகுளக்கட்டு ஒன்று உடைந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த வெள்ளத்துக்குக் கணக்கே இல்லை. ஆகவே 'எத்தனை மணி நேரம்' என்பதற்கு முன், 'மேலே குளங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன' என்று கேட்கவேண்டும்.

செய்யக்கூடியது இது. நீர்ப்பாசனத் திணைக்களம் தன் ஆற்றுமட்ட அறிக்கையில் தந்திரிமலை நிலையத்தின் மட்டத்தை வெளியிடுகிறது. உங்கள் கமக்காரர் அமைப்பில் ஒருவர் ஒரு கொப்பி வைக்கட்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தந்திரிமலையில் மட்டம் ஏறத் தொடங்கிய நேரம், உச்சம் தொட்ட நேரம், உச்ச அளவு. தேக்கம் அணைக்கட்டில் அதே மூன்று. உங்கள் வயல் வரம்பில் தண்ணீர் ஏறிய நேரம். அன்றைக்கு மேற்குளங்கள் வான் பாய்ந்தனவா இல்லையா. வான் பாய்ந்த வெள்ளங்களையும் பாயாதவற்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதவேண்டும், கலந்தால் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. ஏழெட்டு வெள்ளம் சேர்ந்ததும் உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும். எந்த மாதிரியும் அதைவிட நன்றாக உங்கள் வயலைச் சொல்லாது.

நிருவாகத்தில் ஒரு சிக்கல் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மாகாணங்களைக் கடக்கும் ஆற்றுத் திட்டங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். இரணைமடு போல மாகாணத்துக்குள் அடங்கியவை மாகாணத் திணைக்களத்தின் கையில். சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். சனத்தை எழுப்புவது மாவட்டச் செயலகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் கிராம அலுவலரும். மேலே ஒரு கதவு திறந்தால் இத்தனை கை மாறித்தான் சேதி வருகிறது. சிங்களத்தில் புறப்படும் சேதி தமிழில் வந்து சேரவும் வேண்டும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளம் இரவில் வந்தது; இரணைமடுவின் முழு மட்டம் 36 அடி என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும், ஆனால் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் கடினம். மாவட்டக் கூட்டத்தில் கேட்கவேண்டியது மூன்று: கதவு திறக்க எத்தனை மணி நேரத்துக்கு முன் சேதி வரும், யாருடைய தொலைபேசிக்கு வரும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஊர்ச்சனம் தாங்களே ஓர் எச்சரிக்கைக் கருவியை ஆற்றில் வைக்கமுடியுமா?
– இளைஞர் கழகம், பரந்தன்

முடியும். இரண்டு நாடுகளுக்கிடையில் நடந்தும் இருக்கிறது. நேபாளத்தில் இறங்கிப் பீகாருக்குள் போகும் ரது ஆற்றில், மேலே நேபாளத்தில் நீர்மட்டக் கருவி. பக்கத்து வீட்டில் அதன் சேதியைப் பெற்று ஒலியெழுப்பும் வாங்கி. அந்த வீட்டுக்காரர் எல்லைக்கு அப்பால் இந்தியக் கிராமத்துக்குத் தொலைபேசியில் சொல்வார். அசாமின் ஜியாதல் ஆற்றில் 2010 இல் தொடங்கிய இந்த முறைக்கு 2014 இல் ஐ.நா. காலநிலை அமைப்பின் விருது கிடைத்தது. ரதுவில் அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையைவிட, இரண்டு வீட்டாருக்கிடையிலான அழைப்பு முன்னே ஓடுகிறது.

கருவியைப் பாலத்தின் அடியில், நீர் சுழலாத நேர்ப்பகுதியில் பொருத்துங்கள். தூணுக்கு அருகில் வைத்தால் மோதி எழும் நீரை மட்டம் என்று காட்டும். விலை குறைந்த ஒலிக்கருவி வெப்பநிலைக்கு ஏற்பப் பிழைவிடும்: காற்று 10 பாகை மாறினால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1.8 சதவீதம் மாறும். கருவிக்கும் நீருக்கும் இடையில் 6 மீற்றர் இருந்தால் பிழை 10 சென்ரிமீற்றரைத் தாண்டும். வெப்பத் திருத்தம் உள்ளதை வாங்குங்கள், அல்லது ராடார் வகையை. பக்கத்துத் தூணில் சென்ரிமீற்றர் குறித்த அளவுகோல் ஒன்றைக் கட்டாயம் தீட்டுங்கள். மாதம் ஒருதரம் கண்ணால் வாசித்துக் கருவியோடு ஒப்பிடவேண்டும். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் குளவிக்கூடு, சிலந்திவலை பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

எச்சரிக்கை மட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஆடு மாடு அவிழ்த்து, முதியவர்களை ஏற்றி, மேட்டு நிலத்துக்குப் போக உங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால், வீட்டுவாசலில் தண்ணீர் வருவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஆற்றில் இருந்த மட்டம்தான் உங்கள் சிவப்புக்கோடு. வீடு மூழ்கும் மட்டத்தைச் சிவப்புக்கோடாக வைப்பது பொதுவான பிழை.

இந்தக் கருவிகள் பழுதாவதைவிடக் கைவிடப்படுவதே அதிகம். சிம் அட்டைக்கு மீள்நிரப்பப் பணம் போட ஆளில்லை, பற்றரியை யாரோ கழற்றிவிட்டார், வாங்கி இருந்த வீட்டுக்காரர் இடம்பெயர்ந்துவிட்டார். ஆகவே வாங்கும் காசில் ஒரு பங்கை ஐந்து வருடப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். வாங்கியை இரண்டு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு புரட்டாதியிலும் ஒரு வாளித் தண்ணீரில் உணரியை முக்கியோ, ஒலிவகையானால் அடியில் பலகை பிடித்தோ, மணி அடிக்கிறதா, கடைசி வீட்டுக்கு அழைப்புப் போகிறதா என்று முழுச் சங்கிலியையும் சோதியுங்கள். நேரத்தை மணிக்கூட்டில் எடுத்து எழுதி, கிராம அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.